பெயருக்குக் கீழே ஒரு கோடு

“…கிளார்க் எல்லாம் வேணாம் சார். நான் இங்கயே போடறேன், உங்க எதிர்க்கவே. ஒரு பிள்ளைக்கு மார்க் மாறிச்சுன்னாலும் நானே ராஜினாமா எழுதி வச்சிட்டு வூட்டுக்குப் போயிடறேன்” என்றார் ஷமீமா டீச்சர்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் தாளாளர். இந்தப் பக்கம், வெப்சைட் செய்யும் எங்கள் கம்பெனியின் விமலா மேடம். கதவோரம் நான். ஷமீமா டீச்சருக்குப் பின்னால் அவருடைய தோழி சாந்தி டீச்சர், விடைத்தாள் கட்டைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஷமீமா டீச்சருக்கு அங்கே தற்காலிக வேலை. அந்த வருஷத்தோடு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆக்குவார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது இப்போது நாங்கள் செய்து கொண்டுவந்திருந்த ஒரு வலைப்பக்கத்தின் தலையில் வந்து நின்றது.

அடுத்து டீச்சர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராக அங்கே போனால் எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் விடமாட்டார்கள். எழுதச் சொன்னதே அவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகும் டீ நேரத்துக்கு செங்கல்பட்டு ஆபீஸை ஒரு எட்டு எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் போன ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: “பாய், இப்பல்லாம் ஒரு வரி சொன்னா கம்ப்யூட்டரே பக்கத்த வரைஞ்சு குடுத்துடுது. நீங்க இத்தினி வருஷம் ஒக்காந்து இன்னாதான் பண்ணீங்க?”

“டீச்சருங்ககூட ஒக்காந்து தயிர் சாதம் சாப்ட்டேன் மா” என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவேன். ஒரு பள்ளிக்காரர் வந்து, “வெப்சைட்டும் போடுவீங்களா?” என்று கேட்டார். “போடுவேன்” என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் எழுத்து ஓடியது, நட்சத்திரம் மின்னியது, ஓரத்தில் ரோஜா ஒன்று பூத்துப் பூத்து மூடியது. எதிரே ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர் ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சூப்பரா கீது பாய். கல்யாண மண்டபம் மாதிரியே கீது. சாப்பாட்டு ஹாலுக்கு எந்தப் பக்கம் போவணும்னுதான் தெரியல.”

இந்தத் தொழிலைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ வீடியோ பார்த்தேன். ஏழுமலை சொன்னதைவிடச் சுருக்கமாக ஒருத்தரும் சொல்லவில்லை.

கடையை மச்சானிடம் கொடுத்துவிட்டு கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் விமலா மேடம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா டெக்னீஷியன். குரலை உயர்த்த மாட்டார். ‘நல்லா இல்லை’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நாம் ஒரு பக்கத்தைச் செய்து கொண்டுபோய்க் காட்டினால் முதலில் ஒரே ஒரு கேள்வி வரும்: “இத யாரு பாக்கப் போறாங்க பாய்? அவங்க அப்ப எங்க நிக்கறாங்க?”

நமக்கு அது தெரியாது. எங்கே நின்றால் என்ன என்று தோன்றும். அவர் காத்திருப்பார்.

பிறகு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வாசலுக்கு எடுத்துப் போவார். எங்கள் வாசலில் மத்தியான வெயில் நேராக விழும். அங்கே நின்று, கையை முழுக்க நீட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். அந்தப் பாதிக் கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்வார். “ஒரு செவப்புப் பட்டை தெரியுது. அப்பறம் ஒரு நீலப் பட்டை. அவ்ளோதான்.” அந்தச் சிவப்புப் பட்டை வெறும் அலங்காரம் என்றால் நம் கதை முடிந்தது. அடுத்து, கைப்பையை வலது தோளில் மாட்டி, வலது கையில் ஒரு நோட்டுக் கட்டை வைத்துக்கொண்டு, இடது கட்டை விரலால் மட்டும் பட்டன்களைத் தொட்டுப் பார்ப்பார். விரல் எட்டாத பட்டன் இருந்தால், திரும்பி உள்ளே வந்து, கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டு, “டீ சொல்லட்டுமா?” என்பார். அதற்குப் பொருள், மறுபடியும் செய்.

வண்ணம் கூடிப்போனால் மட்டும், மின் நிலையத்து எச்சரிக்கை விளக்குகளைப் பற்றித் தன் அப்பா சொன்னதைச் சொல்வார்: “எல்லா வெளக்கும் ஒண்ணா எரிஞ்சா எதுன்னு ஓடறது?”

இனி அந்தப் பள்ளி விஷயம். அவர்களுடைய வலைத்தளத்தை வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு தகராறுக்குப் பிறகு, “சரி பண்ணித் தாங்க” என்று எங்களிடம் வந்தது. தகராறு இதுதான்.

காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்களை ஷமீமா டீச்சர் தன் கைபேசியிலிருந்து தளத்தில் ஏற்றினார். அன்று சாயங்காலமே எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போய்விட்டது. கணக்கில் எப்போதும் முதல் ஆளாக வரும் ஜெனிஃபர் ஃபெயில். அவளுடைய அப்பா கோவளத்தில் படகு வைத்திருப்பவர். மகளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மறுநாள் விடைத்தாளைப் பார்த்ததும், தட்டிய கையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வந்தார். “நான் அடிச்ச அடிக்கு யாரு பதில் சொல்றது?” என்று அவர் தாளாளர் அறை வாசலில் நின்று கேட்டாராம். கத்தவில்லையாம். அதுதான் எல்லோருக்கும் தாங்க முடியவில்லை என்று சாந்தி டீச்சர் சொன்னார்.

இன்னொரு வீட்டில் வேறு கூத்து. தேர்வன்றைக்கு மாமன் கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்கு எழுபத்தெட்டு. அவன் அம்மா தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டார்.

ஷமீமா டீச்சரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. அரையாண்டில் பார்ப்போம், அதிலும் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

நாங்கள் ஆபீஸில் அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்து பார்த்தோம். கண் கூசும் வண்ணம், மேலே ஓடும் எழுத்து, பூ மாலை வரைந்த சட்டத்துக்குள் தாளாளரின் படம். அழகில்லை, அவ்வளவுதான். மதிப்பெண் மாறுவதற்கு அதில் வழி தெரியவில்லை. பெயர் இருக்கிறது, பக்கத்தில் கட்டம் இருக்கிறது. “எப்படி மாறும்?” என்றேன்.

“நமக்கு மாறாது பாய். நாம ஏசியில ஒக்காந்து பாக்கறோம்” என்றார் மேடம். “நீங்க அங்க போயி ஒக்காருங்க. எதுவும் கேக்காதீங்க. அவங்க வேல செய்யறதப் பாருங்க.”

போனேன். ஆசிரியர்கள் அறையில் ஒரு மூலை நாற்காலி கொடுத்தார்கள். முதல் நாள் எல்லோரும் என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவனாகவே பார்த்தார்கள். சாந்தி டீச்சர்தான் பேச்சைத் தொடங்கினார். அவர் கருங்குழிக்காரர், வாயைத் திறந்தால் கேலிதான்.

“இன்னாண்ணே, காலைலருந்து பாத்துகினே கீறீங்க. எங்களப் பாக்க வந்தீங்களா, எங்க டிபன் பாக்ஸப் பாக்க வந்தீங்களா?”

“டிபன் பாக்ஸதான்மா. ஆனா ஒருத்தரும் தொறக்க மாட்டேங்கறீங்க.”

தயிர் சாதமும் மாவடுவும் வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த அறையின் மேசை நாற்காலிகளில் ஒன்று.

அப்புறம்தான் வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணில் பட்டது. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் மதிப்பெண் ஏற்றுவதைத் தனியாகச் செய்யமாட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வார்கள். ஒருவர் விடைத்தாள் கட்டைப் புரட்டிப் படிப்பார், இன்னொருவர் பதிவார். இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. உள்ளே சிக்னல் கிடைக்காது. அதனால் வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்வார்கள். கடல் வெளிச்சம் அங்கே நேரே முகத்தில் அடிக்கும்.

அன்றைக்கு மாதத் தேர்வு மதிப்பெண். சாந்தி டீச்சர் படித்தார்: “நாப்பத்தி ரெண்டு. அறுபது. முப்பத்தி ஏழு.”

ஷமீமா டீச்சரின் விரல் கடகடவென்று ஓடியது. ஒரு எண் போட்டதும் பக்கம் தானாகவே அடுத்த கட்டத்துக்குத் தாவியது. நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கைபேசியில் அந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்தது. மேலே தாளாளரின் படம், ஆணி அடித்த மாதிரி அசையாமல், திரையின் மேல் பாதியை எடுத்துக்கொண்டு நின்றது. எண் போடத் தொட்டால் கீழே இருந்து எழுத்துப் பலகை எழும்பிக் கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் தபால் பெட்டியின் வாய் மாதிரி ஒரு சந்து. அந்தச் சந்தில் மதிப்பெண் கட்டம் மட்டும் தெரிந்தது. பெயர் இடது பக்கம் தள்ளிப்போய் மறைந்துவிட்டிருந்தது.

“டீச்சர், பேர சொல்லிப் படிக்கமாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று மேடம் சொன்னது அதற்கப்புறம்தான் நினைவு வந்தது.

“பேர சொல்லி இன்னாண்ணே பண்றது?” என்றார் சாந்தி டீச்சர். “அங்க பேரே தெரியலயே.”

“முன்னாடி நோட்டுல போடும்போது?”

ஷமீமா டீச்சர் உள்ளே போய்ப் பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். தளம் வந்த பிறகு, இரண்டு வேலை எதற்கு என்று நிறுத்திவிட்ட பதிவேடு. கைப்பையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து, முதல் பெயருக்குக் கீழே வைத்தார். சாந்தி டீச்சர் விளையாட்டாகப் படிக்கத் தொடங்கினார், இப்போது பெயரோடு. ஒவ்வொரு பெயருக்கும் ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கியது. நடுவில் வேண்டுமென்றே ஒரு பெயரைத் தாண்டிப் படித்தார். ஸ்கேல் நின்றுவிட்டது.

“யார் இது? எனக்கு இங்க அருண்குமார் நிக்கறான்” என்றார் ஷமீமா டீச்சர், நிமிராமலே.

அப்போதுதான் எனக்கு வெளிச்சமாயிற்று. தேர்வுக்கு வராத பிள்ளைக்கு விடைத்தாள் கிடையாது. கட்டுக்குள் அவன் தாள் இல்லை, தளத்தில் அவன் பெயர் இருக்கிறது. பதிவேட்டில் ஸ்கேல் அந்தப் பெயரில் நின்று, ஆள் எங்கே என்று கேட்கும். கைபேசியில் கேட்க ஆளில்லை. கல்யாணத்துக்குப் போன பையனின் கட்டத்தில் அடுத்தவனுடைய எழுபத்தெட்டு போய் விழுந்தது. அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் பின்னால் இருப்பவரின் மதிப்பெண். ஜெனிஃபருக்கு அவளுக்கு அடுத்த பெண்ணுடையது. கடைசிப் பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் தளம் தானாகவே ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டது. வகுப்பில் ஒருவர் வரவில்லை என்பது உண்மை. தளத்திலும் ஒருவர் வரவில்லை. தொகை பொருந்திவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“இத நீங்க தாளாளர்கிட்ட சொல்லலயா?” என்றேன்.

ஷமீமா டீச்சர் ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். “எப்டிண்ணே சொல்றது? உங்க மொகம்தான் மறைக்குதுன்னு சொல்லணும். எனக்கு இன்னும் வேல பர்மனென்ட் ஆவல.”

நான் திரும்பி வந்து விமலா மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “நாமளும் சொல்ல வேணாம் பாய்” என்றார். “அவரே சொல்லட்டும்.”

தாளாளரைப் பற்றி ஒரு வார்த்தை. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, லாரி ஓட்டி, பஸ் வாங்கி, கடைசியில் பள்ளிக்கூடம் வைத்தவர். தன்னைப் படிக்க வைக்க ஆளில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அந்தப் படம் அங்கே இருப்பது தற்பெருமை மட்டும் இல்லை. தன் பள்ளி என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நிறைவு. மேடம் அதைப் புரிந்துகொண்டிருந்தார்.

மேடம் தாளாளர் அறையில் உட்கார்ந்து, “சார், உங்க ஃபோன்லயே ஒரு அஞ்சு பிள்ளைக்கு மார்க் போட்டுப் பாக்கலாமா? நான் படிக்கறேன். சும்மா சோதனைக்குத்தான், யாருக்கும் போவாது” என்றார்.

“எனக்கு இன்னா மேடம் தெரியும்? சரி, குடுங்க.” மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேடம் நிதானமாக எண்களைப் படித்தார். அவர் ஒற்றை விரலால் குத்தினார். மூன்றாவதில் மேடம் நிறுத்திக் கேட்டார்: “இப்ப யாருக்குப் போட்டீங்க சார்?”

அவர் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, பேரக் காணோம். எங்க பாத்தாலும் என் மூஞ்சிதான் கீது.”

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் அடக்க முடியாமல் இருமிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கைபேசியை மேசையில் குப்புற வைத்தார். “அப்ப எடுத்துரணும்ன்றீங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“எடுக்க வேணாம் சார். எடத்த மாத்துவோம். வேல நடக்கும்போது வேல தெரியட்டும். எல்லாம் முடிஞ்சதும் டீச்சருக்கு நன்றி சொல்ல யாராவது வேணும் இல்ல? அங்க நீங்க இருங்க.”

அவர் கைபேசியைத் திருப்பி நிமிர்த்தினார். “வேல முடிஞ்சா என் மூஞ்சி. ம். அது நல்லாத்தான் கீது.”

புதிய பக்கத்தை நான் செய்தேன். முதலில் கொண்டுபோனதைச் சொன்னால் என் பழைய கடை வாசனை உங்களுக்கும் அடிக்கும். பெயர்களை வளைந்து நெளிந்த எழுத்தில் போட்டு, பின்னால் இளநீலத்தில் கடலலை வரைந்திருந்தேன். கடலோரப் பள்ளி அல்லவா!

மேடம் வாசலுக்குப் போய், கை நீட்டி, கண்ணைப் பாதி மூடினார். “அலை தெரியுது” என்றார். பிறகு, “பாய், இது பத்திரிகை இல்ல. யாரும் இத எடுத்து வச்சிக்கப் போறதில்ல. பாத்துட்டு மறந்துட்டுப் போவணும்.” உள்ளே வந்து, “டீ சொல்லட்டுமா?”

மறுபடியும் செய்தேன். மறுபடியும் டீ வந்தது. ஒவ்வொரு டீக்கும் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று போனது. அலை போனது, வளைந்த எழுத்து போனது, ஓடும் வரி போனது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: வெள்ளைத் தரையில் நல்ல கறுப்பு எழுத்து. எண் போடுவதற்கென்று தனியாக, பெரிய எண்களோடு நாங்களே வைத்த பலகை. அந்தப் பலகைக்கு நேர் மேலே, இப்போது யாருக்குப் போடுகிறோமோ அந்தப் பிள்ளையின் பெயர், பெரிதாக. அதற்கு மேலே முடிந்த பெயர் ஒன்று மங்கலாக. கீழே வரப்போகும் பெயர் ஒன்று மங்கலாக. பையன்கள் முடிந்து பெண்கள் தொடங்கும் இடத்தில், பதிவேட்டில் உள்ள மாதிரியே ஒரு பட்டைக் கோடு. ‘வரவில்லை’ என்பதற்குத் தனியாக ஒரு பட்டன், கட்டை விரல் எட்டும் இடத்தில். கட்டத்தைக் காலியாக விட்டு மேலே போகமுடியாது. எண்ணைப் போட்டு ‘சரி’ என்று தொட்டால்தான் அடுத்த பெயர் வரும்.

அப்புறம், அந்தப் பெரிய பெயருக்குக் கீழே திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு. அந்த ஸ்கேலின் மர நிறம். வேறு எங்கும் நான் வண்ணம் வைக்கவில்லை.

மேடம் அதை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். “ஒரு பேரு தெரியுது. அதுக்குக் கீழ ஒரு கோடு தெரியுது” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். டீ பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆபீஸ் பிள்ளைகளே, கம்ப்யூட்டர் வரைந்து தரட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான். இப்போது கேட்டால் இந்தப் பக்கத்தைக்கூட நொடியில் வரைந்துவிடும். அந்த மஞ்சள் கோட்டைப் போடச் சொல்லி அதனிடம் நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு ஸ்கேலைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பீர்கள். உங்களுக்கு என்னைவிடக் கண் நன்றாகத் தெரிகிறது, வரைகிற நேரமும் மிச்சம்.

சரி, அந்த அறைக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து, பக்கத்தைக் காட்டப் போயிருந்தோம். தாளாளருக்குப் பக்கம் பிடித்திருந்தது. பயம்தான் போகவில்லை.

“பக்கம் நல்லா கீது மேடம். ஆனா அந்தப் படகுக்காரரு நின்ன மாதிரி இன்னொருத்தர் வந்து என் வாசல்ல நின்னா என்னால தாங்க முடியாது. இந்த தபா கிளார்க் போடட்டும். டீச்சர் விஷயத்த அப்பறம் பேசிக்கலாம்.”

‘அப்பறம்’ என்றால் என்னவென்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குத்தான் ஷமீமா டீச்சர் அப்படிச் சொன்னார்: இங்கேயே போடுகிறேன், உங்கள் எதிரிலேயே.

தாளாளர் எதிர் நாற்காலியைக் காட்டினார். டீச்சர் உட்கார்ந்தார். பழக்கத்தில் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துவிட்டார். கைபேசியில் மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் ஸ்கேலை என்னிடம் நீட்டினார். “புடிங்கண்ணே.”

சாந்தி டீச்சர் கட்டை அவிழ்த்தார். “அப்துல் ரஹ்மான், அறுபத்தி ஒண்ணு.”

“அப்துல் ரஹ்மான், அறுபத்தி ஒண்ணு.”

படித்த தாளைச் சாந்தி டீச்சர் கவிழ்த்து வைக்க, தாளாளர் ஒவ்வொன்றையும் எடுத்துத் தன் மேசைக் கம்ப்யூட்டரில் வந்து விழும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன்கள் முடிந்தார்கள். பட்டைக் கோடு வந்தது. பெண்கள்.

“திவ்யா, நாப்பத்தி எட்டு.”

ஷமீமா டீச்சரின் விரல் நின்றது. “இரு. இங்க தனலட்சுமி நிக்கறா.”

தாள்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தனலட்சுமியின் தாள் இல்லை.

“அவ காய்ச்சலு. அன்னிக்கு வரல” என்றார் சாந்தி டீச்சர் மெதுவாக.

தாளாளர் மேசை மேல் சாய்ந்து கைபேசியை எட்டிப் பார்த்தார். “இந்தக் கோடு தானா நகராதா?”

“நகராது சார். நான் சொன்னாத்தான் நகரும்.” ‘வரவில்லை’யைத் தொட்டார். கோட்டின் மேல் திவ்யாவின் பெயர் வந்து நின்றது. “இப்ப சொல்லு.”

“திவ்யா, நாப்பத்தி எட்டு. ஜெனிஃபர், தொண்ணூத்தி ஆறு.”

அந்தத் தாளைத் தாளாளர் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

கடைசிப் பெண்ணுக்கும் போட்டாயிற்று. திரையில் ‘நன்றி டீச்சர்’ என்ற வரியும், கீழே தாளாளரின் முகமும் வந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே இன்னொரு முறை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் எங்கும் நிற்கவில்லை.

“ஒண்ணும் மாறல” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். “அடுத்த வருஷ டைம்டேபிள்ல உங்க பேரப் போடச் சொல்லிடறேன் டீச்சர். ஆர்டரு அடிச்சுத் தரச் சொல்றேன்.”

சாந்தி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். விமலா மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேலைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். வாங்குவதற்கு ஷமீமா டீச்சருக்குக் கை ஒழியவில்லை. “பி செக்‌ஷன் கட்டு எங்க சாந்தி? இங்க சிக்னல் நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே, மேசை நடுவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த தாளாளரின் பெயர்ப் பலகையை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த கட்டைப் பிரித்தார்.